கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி: பணம் கட்டாமல், உதவித்தொகையோடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. புதிய நான்கு வருடப் படிப்பில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் 8,000 ரூபாய் கட்டினால் ஒரு மாதப் பயிற்சியும் சர்ட்டிபிகேட்டும் தருகிறார்களாம். அப்பா தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர், கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறாராம். நமக்கே உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் இடம் ஏதாவது உண்டா, இருந்தாலும் சின்னக் கல்லூரியில் படிக்கிற, பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணை எடுப்பார்களா என்பது அவள் கேள்வி.

கண்ணு, அந்த 8,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. உதவித்தொகையோடு எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. சின்னக் கல்லூரிப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் பல வருடமாக வேதியியல் கற்பிக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு தவறிப்போவதற்கு மதிப்பெண் காரணமாக இருந்ததை அதிகம் பார்த்ததில்லை. கடைசித் தேதி முடிந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரியவரும். இல்லாவிட்டால் என்ன செய்ய விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதுகிற இருநூறு சொல்லை யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இரண்டையும் சரிசெய்யலாம். நீ ஓணத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாய், அதனால் உனக்கு நேரம் இருக்கிறது.

முதலில் இந்தக் கட்டாய இன்டர்ன்ஷிப் பற்றி. கேரளத்தில் 2024-இல் நான்கு வருட இளங்கலைப் படிப்பு தொடங்கியபோது அதில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 கிரெடிட் வைத்தார்கள். அந்த 2 கிரெடிட்டைக் காட்டித்தான் இந்தச் சர்ட்டிபிகேட் வியாபாரம் ஓடுகிறது. ஆனால் அந்த 2 கிரெடிட்டுக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உன் கல்லூரியின் இன்டர்ன்ஷிப் பொறுப்பாசிரியர் ஒப்புக்கொண்டால் அரசு ஆய்வகம், நீர்ப் பரிசோதனை நிலையம், பக்கத்து ஐஐடி என்று எங்கே செய்தாலும் கணக்கில் வரும். ஆகவே சேருவதற்கு முன்னால் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடு.

பணம் கேட்பதில் இரண்டு விதம் உண்டு, அதையும் தெரிந்துகொள். சில அரசு ஆய்வு நிறுவனங்களே பிராஜெக்ட் செய்ய வரும் மாணவர்களிடம் ஆய்வகக் கட்டணம் வாங்குவது உண்டு. ரசாயனம், கருவிச் செலவுக்காக வாங்குவது அது. இணையதளத்தில் தொகை போட்டிருக்கும், ரசீதும் கிடைக்கும். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். முதுகலை ஆய்வேட்டுக்கு நல்ல கருவி தேவைப்படுகிறவர்கள் கட்டுவதும் நியாயம்தான். வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்பி, "கடைசி 5 இடம்" என்று அவசரப்படுத்தி, ஜிபே எண் கொடுத்து, யாருடைய ஆய்வகம், எந்த விஞ்ஞானி, என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்லாத இடம்தான் ஏமாற்று. உன் கேள்வியில் இருக்கிற இடம் எந்த வகை என்று நீயே கண்டுபிடித்துவிடலாம். "என் வழிகாட்டி யார், அவர் பெயரில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையைக் காட்டுங்கள்" என்று ஒரு மெயில் அனுப்பிப் பார்.

இனி உதவித்தொகையோடு இருப்பவை. உனக்கு முதல் இடத்தில் வைக்க வேண்டியது மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாதமி, புது தில்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராஜில் இருக்கும் தேசிய அறிவியல் அகாதமி, இந்த மூன்றும்தான் அவை. ஒரே விண்ணப்பம்தான். எடுக்கப்பட்டால் நாட்டில் ஏதோ ஒரு நல்ல நிறுவனத்தில், அகாதமியோடு தொடர்புள்ள ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம் வேலை. மாத உதவித்தொகை உண்டு, போய்வர ரயில் கட்டணமும் தருவார்கள். நாடு முழுவதும் மாணவர்களைப் பரப்பிச் சேர்ப்பதுதான் இதன் நோக்கம் என்பதால், பெரிய நிறுவனத்தில் படிக்காத பிள்ளைக்கு இதைவிடத் தோதான வாசல் எனக்குத் தெரியாது. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் கடைசியோடு முடிந்துவிடும். "கோடைக்கால" என்ற பெயரைப் பார்த்துவிட்டு மார்ச்சில் தேட ஆரம்பிக்கிறவர்கள் எத்தனையோ பேர். மார்ச்சில் அங்கே தேர்வுப் பட்டியலே வர ஆரம்பித்திருக்கும்.

அடுத்தது பெங்களூர் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம். அவர்களுக்கென்று தனியாக ஒரு கோடை ஃபெலோஷிப் இருக்கிறது. வேதியியலுக்கும் உயிரியலுக்கும் பல கோடைகள் தொடர்ந்து அங்கேயே வந்து பயிலும் தனித் திட்டமும் இளங்கலையின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்காக நடக்கிறது. உன் ஜூனியர்களிடம் இதைச் சொல். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் இளங்கலை மாணவர்களுக்கென்று நடத்தும் தேசிய முயற்சி ஒன்று உண்டு. முதலில் முகாம், அதில் நன்றாகச் செய்கிறவர்களுக்குப் பிறகு ஆய்வுத் திட்டம். பிரபலம் குறைவுதான். ஆனாலும் நம் கல்லூரிப் பாடத்துக்கும் உண்மையான ஆராய்ச்சிக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைத் தாண்ட அந்த முகாம் அளவுக்கு உதவுவது வேறில்லை என்பது என் எண்ணம்.

டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் வருகை மாணவர் திட்டத்துக்கு ஜனவரிவாக்கில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். போட்டி கடுமை. சென்னை ஐஐடியின் கோடை ஃபெலோஷிப்புக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறிவிப்பு வரும். நம் கஞ்சிக்கோட்டிலேயே பாலக்காடு ஐஐடி இருக்கிறது. 2015-இல் வந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். ஆனாலும் நம் கல்லூரிப் பிள்ளைகள் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவர்கள் நடத்தும் திறந்த நாள், கருத்தரங்கு எதற்காவது போய் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் பார்த்து வா. தங்கும் செலவு இல்லாமல் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஆய்வகம் கிடைத்தால், குறைந்த உதவித்தொகையானாலும் கையில் நிற்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறவளாக நீ இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். வருடம் 80,000 ரூபாய் என்கிறார்களே, அதில் 60,000தான் உன் படிப்புக்கு. மீதி 20,000 கோடையில் ஒரு ஆய்வுத் திட்டம் செய்வதற்காக வைத்தது. வழிகாட்டியை நீயே தேடிக்கொள்ள வேண்டும். இந்தப் பணத்தோடு வருகிற மாணவியை ஒரு பேராசிரியர் ஏற்றுக்கொள்வது எளிது. மெயிலில் முதல் இரண்டு வரிக்குள் அதை எழுதிவிட வேண்டும்.

உன் தோழிகளுக்காக இன்னும் சில. கணிதம் படிப்பவர்கள் 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடை முகாமைத் தவறவிடக் கூடாது. தியரத்தை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளைகளை நான்கு வாரத்தில் கேள்வி கேட்க வைத்துவிடுவார்கள். இயற்பியலுக்கு சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனம், புணேயில் வானியல் மையமான ஐயூக்கா. பொருளாதாரத்தில் முதுகலை படிக்கிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி கோடை இன்டர்ன்ஷிப் இருக்கிறது. மாதம் 20,000 ரூபாய், விண்ணப்பம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை. ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பில் இருப்பவர்களும் சட்டம் படிப்பவர்களும் இதற்குப் போடலாம். மூன்று வருட பி.ஏ. மட்டும் படிப்பவர்களுக்கு அது இல்லை. தமிழ் இலக்கியம், வரலாறு படிக்கிற இளங்கலைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு இருக்கிற கோடைவாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிறது என்று சொல்லி அவர்களை ஆசைப்படுத்த எனக்கு மனம் இல்லை.

ஆந்திர எல்லையில், சித்தூர், நகரி, குப்பம் பக்கம் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருப்பதி நல்ல வசதி. 2015-இல் வந்த ஐசரும் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஐஐடியும் அங்கே இருக்கின்றன. காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகமும் இருக்கிறது. மேகத்தையும் காற்றையும் ராடார் வைத்து அளக்கிற அந்த இடத்தை இயற்பியல் படிக்கிறவர்கள் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

குழப்பம் வருகிற இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று மாதம் 5,000 ரூபாய் கிடைப்பதாகக் கேள்விப்பட்டிருப்பாய். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது வைத்த விதிப்படி, முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது கிடையாது. படித்து முடித்த 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, கம்பெனிகளில், ஒரு வருடம் என்றுதான் அப்போது வைத்திருந்தார்கள். உன் அண்ணனுக்கு வேண்டுமானால் பார். இஸ்ரோவில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் பெருமைதான், ஆனால் அங்கே உதவித்தொகை கிடையாது. தங்கும் இடம், சாப்பாட்டுக்கு நாமே வழி பார்க்க வேண்டும்.

சரி, இனி எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன்.

அகாதமி விண்ணப்பத்தில் இந்தக் கோடையில் நீ என்ன செய்ய விரும்புகிறாய் என்று சுமார் 150 முதல் 250 சொல்லுக்குள் எழுதச் சொல்வார்கள். மதிப்பெண் பட்டியல் பல ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி இருக்கும். இந்த இருநூறு சொல்தான் ஆளை ஆள் வேறாகக் காட்டும். எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து வந்த என் மாணவி ஒருத்தி முதலில் எழுதிக்கொண்டு வந்ததில், சிறுவயது முதலே வேதியியல் மீது தீராத ஆர்வம், நாட்டுக்குச் சேவை, தங்களுடைய புகழ்பெற்ற நிறுவனம், இந்த மூன்றும்தான் இருந்தன. நல்ல ஆங்கிலம், நெட்டில் எடுத்தது. பிராக்டிகல் முடிந்து பியூரெட் எல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்தவளை உட்கார வைத்து, "இதை விடு, உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி இருக்கும் சொல்லு" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தாள். போர்வெல் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். தம்பிக்குப் பல்லில் பழுப்பு வரி விழுந்திருக்கிறது. அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறாள், அப்படியும் போகவில்லை. "டீச்சர், அந்த வெள்ளைப் படிவுதான் பல்லிலும் படிகிறதா?"

அவள் கேட்ட கேள்வி அசலான ஆராய்ச்சிக் கேள்வி. பதில், இல்லை. பாத்திரத்தில் படிவது கால்சியம், மக்னீசியம் உப்பு, அதாவது கடினத்தன்மை. பல் வரிக்குக் காரணமாக இருக்கக்கூடியது ஃப்ளூரைடு. அதற்கு நிறமும் இல்லை, அந்த அளவில் ருசியும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். சிற்றூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட பக்கம். ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. அடியில் இருக்கும் கருங்கல், நைஸ் பாறைகளில் ஃப்ளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறையோடு நெடுநாள் தங்கும் நீரில் அது கரைகிறது. பைகார்பனேட் கூடி, கால்சியம் குறைந்த நீரில் இன்னும் அதிகம் கரையும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

மறுபடி எழுதிக்கொண்டு வந்தது, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: "எங்கள் பஞ்சாயத்தில் குடிநீர் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. குழந்தைகளின் பற்களில் பழுப்பு வரி காணப்படுகிறது. கல்லூரியில் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் மூலம் கடினத்தன்மை அளக்கக் கற்றிருக்கிறேன். ஆனால் ஃப்ளூரைடை அளக்கும் அயனித் தேர்வு எலக்ட்ரோடு எங்கள் ஆய்வகத்தில் இல்லை. குறைந்த செலவில் ஃப்ளூரைடை உறிஞ்சி எடுக்கும் பொருட்களை உருவாக்கிச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்ய விரும்புகிறேன். கால்சியம் அளவுக்கும் ஃப்ளூரைடு அளவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எனக்குக் கேள்விகள் இருக்கின்றன." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஓரிரண்டு இலக்கணப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது.

இதில் கவனி. தனக்கு என்ன தெரியும், தன் ஆய்வகத்தில் என்ன இல்லை, எது புரியவில்லை என்று மூன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள். சின்னக் கல்லூரி என்பதை ஒரு குறையாக நினைத்து மறைக்கிறவர்கள்தான் பெரிய வார்த்தைகளைத் தேடிப் போகிறார்கள். கருவி இல்லாததைச் சொல்வதால் யாரும் உன்னைத் தள்ளிவிட மாட்டார்கள். அந்தக் கருவியைப் பழகுவதற்காகத்தானே அங்கே போகிறாய்? ஆனால் எழுதியது எதைப் பற்றியும் கேள்வி வரும், தயாராக இரு. அந்தப் பெண்ணிடம் ஃபோனில் கேட்டார்களாம், ஃப்ளூரைடு அளக்கும்போது டிசாப் என்ற கரைசலை எதற்குச் சேர்ப்பார்கள் என்று. அமிலத்தன்மையை ஒரே அளவில் வைக்கவும், அலுமினியமும் இரும்பும் ஃப்ளூரைடைக் கட்டிப் பிடித்துக்கொள்ளாமல் விடுவிக்கவும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். படித்து வைத்திருந்ததால் சொன்னாள்.

நீ தண்ணீரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இல்லை. தோப்பில் தென்னைக்கு அடிக்கிற மருந்து, கள் புளிப்பது, கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வருகிற காய்கறி, அப்பாவின் கையில் இருக்கிற சுண்ணாம்புப் புண் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கு. முதலில் தமிழில் எழுது, யோசனை தமிழில்தானே வரும். அப்புறம் உன் சொந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக மாற்று. ஏஐ எழுதிக் கொடுத்த வழவழப்பான பத்தியை அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேர்காணலில் உன் பேச்சுக்கும் அந்தப் பத்திக்கும் பொருந்தாமல் போனால் அங்கேயே முடிந்தது.

தமிழ் மீடியம் பற்றிக் கேட்டாயே. ஆய்வகத்தில் பெரும்பாலான நேரம் பேச்சு அளவு, சூடு, நேரம், கிராஃப் பற்றித்தான். நோட்டை ஆங்கிலத்தில் எழுதப் பழகினால் போதும். பெங்களூர், சென்னை ஆய்வகங்களில் தமிழ் பேசுகிற ஆராய்ச்சி மாணவர்கள் நிறைய. நமக்கு மலையாளமும் வரும். அங்கே போய்ப் பார்த்தால் இரண்டு மொழிக்காரர்களோடும் பழகுகிற ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருவோம். உன்னைத் தெரிந்த ஆசிரியரிடம் வாங்கு. துறைத்தலைவர் என்பதற்காக உன் முகமே தெரியாதவரிடம் போகாதே. பிராக்டிகலில் உன்னோடு நின்ற டீச்சர் "இவள் முடிவு சரியாக வரவில்லை என்றால் தானே திரும்பச் செய்வாள்" என்று ஒரு வரி எழுதினால், "ஒழுக்கமான மாணவி" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் கேள். மதிப்பெண் பட்டியல், நீ எழுதிய இருநூறு சொல், கடைசித் தேதி மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்பிவிட்டு நேரிலும் போய்ச் சொல். சில இடங்களில் ஆசிரியரின் மெயிலுக்கு ஒரு லிங்க் போகும், அவர்தான் கடிதத்தை ஏற்ற வேண்டும். அது ஸ்பாமில் கிடக்கும். நீ போய் நினைவுபடுத்தத் தயங்காதே. நினைவுபடுத்துகிற பிள்ளையிடம் எங்களில் யாரும் கோபப்படுவதில்லை.

திட்டம் எதிலும் சேராமல் நேராகப் பேராசிரியருக்கு எழுதுவதும் ஒரு வழி. திருவனந்தபுரத்தில் ஐசர், மத்திய அரசு ஆய்வகமான நிஸ்ட், கோழிக்கோடு குன்னமங்கலத்தில் 1978 முதல் இருக்கும் நீர்வள ஆய்வு மையம் போன்ற இடங்களில் யார் என்ன செய்கிறார்கள் என்று இணையதளத்தில் பார். ஒருவரின் ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது வாசித்துவிட்டுப் பத்து வரி எழுது. நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் நூறு பேருக்கும் அது தெரியும். பத்து நாள் பதில் இல்லாவிட்டால் ஒருமுறை நினைவுபடுத்து. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுது, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உதவித்தொகை உண்டா, ஹாஸ்டலில் இடம் கிடைக்குமா என்று வெளிப்படையாகக் கேட்கலாம். அதில் கூச்சம் வேண்டாம். அவர்களிடம் திட்ட நிதி இருந்தால் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள்.

வெளிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் விமானக் கட்டணம், தங்குமிடம், தினப்படி எல்லாம் கொடுத்து இன்டர்ன்களை எடுக்கிறது. ஏப்ரல் 15, அக்டோபர் 15 என்று வருடத்தில் இரண்டு கடைசித் தேதி. கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் ஆராய்ச்சிப் பயிற்சி 12 வாரம், விண்ணப்பம் செப்டம்பரிலேயே முடியும். ஜெர்மனியின் டாட் வைஸ் உதவித்தொகை குறிப்பிட்ட சில நிறுவன மாணவர்களுக்கு மட்டும் என்பதால் நம் கல்லூரிக்கு இப்போது பொருந்தாது. பாஸ்போர்ட் எடுத்து வை. ஆனால் முதலில் இங்கே ஒரு கோடை வேலை செய்துவிட்டு, அந்த வழிகாட்டியின் கடிதத்தோடு மூன்றாம் ஆண்டில் போடுவதுதான் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

எல்லைப் பகுதிக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு, பெயர். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இனிஷியல் முன்னால், கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாமல். விண்ணப்பத்தில் "கடைசிப் பெயர்" என்று ஒரு கட்டம் வேறு. பெயர் ஒத்துப்போகாமல் உதவித்தொகை திரும்பிப் போவது நடக்கிற காரியம். எஸ்.எஸ்.எல்.சி.யில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் ஆக்கிவிடு. அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஆதாரைத் திருத்திவிட்டு, அதைக் காட்டி பாங்கில் மாற்று. மூணாறு, பீர்மேடு எஸ்டேட் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால் ஜாதிச் சான்றிதழுக்குக் கூடுதல் ஆவணம் கேட்பார்கள், நாள் ஆகும். அந்தச் சான்றிதழைக் கேட்கிற திட்டங்களுக்குக் கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

கையில் பணம். உதவித்தொகை பெரும்பாலும் மாதம் முடிந்த பிறகோ, வேலை முடிந்த பிறகோதான் வரும். ரயில் கட்டணமும் டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான். அதனால் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் ஹாஸ்டல் முன்பணத்துக்கும் ஒரு தொகை முன்கூட்டியே வேண்டும். அப்பா கடன் வாங்கத் தயார் என்றால் அந்தக் கடன் இதற்குத்தான் பொருத்தம், அதுவும் கொஞ்சமாக. அதற்கு முன்னால் கல்லூரி பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) நிதியிலும் பழைய மாணவர் சங்கத்திலும் கேட்டுப் பார். தேர்வுக் கடிதத்தைக் காட்டிக் கேட்கும் பிள்ளைக்கு ஏதாவது செய்ய ஆள் இருக்கும்.

பரீட்சை மோதும், அதையும் நினைவில் வை. நம் பல்கலைக்கழகத்தில் செமஸ்டர் தேர்வு மே மாதத்துக்குள் நீள்வது உண்டு, ஜூனில் வகுப்பு தொடங்கிவிடும். இரண்டு மாதத்தை எப்போது ஆரம்பிப்பது என்பதில் வழிகாட்டிகள் ஓரளவு விட்டுக்கொடுப்பார்கள். தேர்வு அட்டவணை வந்தவுடன் அவர்களுக்கு எழுதிவிடு. ஜூனில் போகிற நாட்களுக்குப் பிரின்சிபாலிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, வருகைப் பதிவில் கணக்கு வருமாறு பார்த்துக்கொள்.

அம்மா, அப்பா தனியாக அனுப்பத் தயங்கினால், வழிகாட்டியின் பெயர், ஹாஸ்டல் வார்டனின் எண், நிறுவனத்தின் தேர்வுக் கடிதம் மூன்றையும் அவர்கள் கையில் கொடு. பாலக்காட்டிலிருந்து பெங்களூருக்குப் பகல் வண்டியும் இருக்கிறது, இரவு வண்டியும் இருக்கிறது. முதல் தடவை அப்பாவும் கூட வந்து ஹாஸ்டலைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். பார்த்துவிட்டு வந்த எந்த அப்பாவும் அடுத்த வருடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த ஓண விடுமுறையில் இருநூறு சொல்லை எழுதி முடி. அக்டோபரில் டீச்சரிடம் கடிதம் கேள், நவம்பர் நடுவுக்குள் அகாதமி விண்ணப்பத்தை அனுப்பிவிடு. ஜனவரியிலிருந்து பேராசிரியர்களுக்கு மெயில். எதுவுமே கிடைக்காவிட்டால் ஏப்ரலில் உன் பஞ்சாயத்தின் ஒவ்வொரு வார்டிலும் இரண்டு கிணற்று நீர் எடுத்து, கடினத்தன்மையும் பி.எச்.சும் உன் கல்லூரி ஆய்வகத்திலேயே அளந்து வை. ஃப்ளூரைடு அளக்க நீர்வள ஆய்வு மையத்துக்கு உன் டீச்சர் மூலம் எழுதிக் கேட்கலாம். பொறுப்பாசிரியர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் 2 கிரெடிட்டுக்கு அது போதும், அடுத்த நவம்பரில் எழுத உன் கையில் எண்களும் இருக்கும்.